மூச்சுக்கு ஏறிய விரல்

அத்தியாயம் பதினொன்று

பெட்டி வந்து ஒரு வாரம் ஆகிறது. இன்னும் யாரும் அதன் மேல் டீக் கோப்பையை வைக்கவில்லை. அந்த வீட்டில் அதற்குக் கிடைத்திருக்கும் மரியாதையை இதிலிருந்தே நீங்கள் புரிந்துகொள்ளலாம்.

போன வாரம் நாத்தனாரை வாசலில் நிற்கவைத்துவிட்டுப் போனோம். தோளில் ஒரு துணிப்பை, இரண்டு கையிலும் குழந்தையை ஏந்துவது போல அந்தக் கறுப்புப் பெட்டி. "வாம்மா, வா" என்று அண்ணி வாய் நிறைய அழைத்தாள். கண் மட்டும் பெட்டியை விட்டு நகரவில்லை.

அந்த அண்ணிதான் நம் எலி. இந்த வாரம்தான் படிக்க ஆரம்பிக்கிறவர்கள் பயந்துவிட வேண்டாம். எலி என்பது கணவர் வைத்த செல்லப்பெயர். அவர் மெட்டுப் போடுகிறவர். பாடியவர்களின் குரலையும் வாசித்தவர்களின் வாத்தியங்களையும் கணினியில் ஒன்றுசேர்த்து, எது எங்கே ஏற வேண்டும், எது எங்கே அடங்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறவள் அவள். மிக்ஸிங் என்பார்களே, அதுதான். அத்தனையையும் ஒரே ஒரு மவுஸை வைத்துக்கொண்டே செய்வாள். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்து அவர் "எலி" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது.

நாத்தனாருக்கும் ஒரு பெயர் உண்டு. வாலு. அதற்கு விளக்கம் தேவையில்லை.

பெட்டியில் எட்டு ஃபேடர்கள். ஃபேடர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, நீளமான பள்ளத்தில் மேலும் கீழும் ஓடுகிற ஒரு சின்னக் குமிழ். மேலே தள்ளினால் சத்தம் ஏறும், கீழே இழுத்தால் இறங்கும். திரையில் படமாக இருப்பதைக் கையால் பிடித்துத் தள்ளலாம், அவ்வளவுதான். ஆனால் இந்த ஃபேடர்களுக்குள் மோட்டார் இருந்தது. நீங்கள் ஒரு தடவை தள்ளியதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். பாட்டை மறுபடி ஓடவிட்டால், யாரும் தொடாமலே, நீங்கள் தள்ளியபடியே ஏறி இறங்கும்.

"பேய் வீடு மாதிரி இருக்கு" என்றாள் எலி, முதல் நாள்.

"எவ்ளோ அழகா இருக்கு!" என்றார் கணவர், அதே நொடியில்.

அங்கேயே ஒரு சண்டை நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நடக்கவில்லை. எலி சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து எரிகிற வயிறு இன்னும் அணையவில்லை.

எரியாமல் என்ன செய்யும்? பெட்டிக்கு இடம் வேண்டும் என்று அவளுடைய மவுஸை மேஜையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டாள் வாலு. பெட்டி ஆடுகிறது என்று, எலி மணிக்கட்டுக்கு வைத்துக்கொள்ளும் பஞ்சுத் திண்டை எடுத்து அதன் ஒரு மூலைக்கு முட்டுக் கொடுத்தாள். சக்கரம் வைத்த நல்ல நாற்காலியில் வாலு, பிளாஸ்டிக் ஸ்டூலில் எலி. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தட்டைத் துடைத்து அறியாத மனிதர், தன் மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியால் அந்தப் பெட்டியை ஃபேடர் ஃபேடராகத் துடைத்துக்கொண்டிருந்தார். அதை எப்படிப் பொறுப்பது?

"பாத்தியா எலி? நீ மவுஸ்ல புள்ளி புள்ளியா வெச்சு இழுக்கிறதை இவ ஒரே தள்ளுல செஞ்சுட்டா!"

சொன்னவர் மனதில் ஒன்றுமில்லை. கேட்டவளுக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

இதற்கு நடுவில் அந்தப் படம் வந்து நின்றது. பெண் இயக்குநர் ஒருவர், கணவரின் மெட்டுகளைக் கேட்டு மயங்கி, படத்தின் எல்லாப் பாடல்களையும் அவரிடமே கொடுத்திருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. "மிக்ஸிங் படம் முழுக்க ஒரே ஆள் செய்யணும். ஒரு பாட்டைப் போட்டுக் காட்டுங்க. கேட்டுட்டு யாருன்னு நான் சொல்றேன்."

இத்தனை வருஷமும் அந்தக் கேள்வியே எழுந்ததில்லை. கணவர் மெட்டு என்றால் எலியின் கை. இப்போது முதல் தடவையாக அவர் தலையைச் சொறிந்தார். "இந்த ஒரு பாட்டை வாலு செய்யட்டுமே. பெட்டியோட வந்திருக்கா, ஆசைப்படறா."

"தாராளமா செய்யட்டும்" என்றாள் எலி. அவள் அந்த வார்த்தையைச் சொன்ன விதத்தைக் கேட்டிருந்தால் நீங்களும் நானும் எழுந்து வேறு அறைக்குப் போயிருப்போம். கணவருக்கு அது கேட்கவில்லை. சுதி அரை இழை விலகினால் கண்டுபிடிக்கிற காது அது.

இன்று இயக்குநர் வருகிற நாள்.

காலையில் வாலு அந்தப் பாட்டின் மேல் கடைசியாக ஒரு தடவை கை வைத்துக்கொண்டிருந்தாள். எலி ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு இதுதான்: கதாநாயகி வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். விடைபெற வேண்டும். வார்த்தை வரவில்லை. "வருகிறேன் என்று சொல்ல..." என்று பாடிவிட்டு, பாடகி ஒரு மூச்சு இழுக்கிறாள். பிறகு "வாயெடுத்தேன்" என்று முடிக்கிறாள்.

அந்த மூச்சில்தான் நேற்று வம்பு.

பாடுகிறவர்கள் மூச்சு இழுக்கும் சத்தம் எலிக்கு வெறும் குப்பை. இருக்கும் இடம் தெரியாமல் வெட்டி எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. இந்தப் பாட்டையும் வழக்கம்போல முன்னாலேயே சுத்தம் செய்து வைத்திருந்தாள். வாலு அதைக் கேட்டுவிட்டு, "ஐயோ அண்ணி, அந்த மூச்சை எங்க போட்டீங்க?" என்று பதறினாள்.

"மூச்சு விடற சத்தத்தைக் கேக்கவா ஜனங்க படத்துக்கு வராங்க?"

"அவ ஏதோ சொல்ல வர்றா, சொல்லல. அது அந்த மூச்சுலதான் அண்ணி இருக்கு."

கணவர் இரண்டு பேரையும் பார்த்தார். "வாலு சொல்றதுல விஷயம் இருக்கு எலி" என்றார். வெட்டிய மூச்சு திரும்ப ஒட்டப்பட்டது. ஒட்டியவள் எலி. மவுஸ் அவள் கையில்தானே இருந்தது.

இப்போது வாலு ஃபேடரிலிருந்து கையை எடுத்துச் சோம்பல் முறித்தாள். "அண்ணி, நீங்களும் ஒரு தடவை தொட்டுப் பாருங்களேன்."

"எனக்கு எதுக்கும்மா? நான் அதைத் தொடவே மாட்டேன். எனக்கு என் எலி போதும்."

"எலிக்கு ஒரு விரல்தான் வேலை. இதுல எட்டு விரலும் ஆடும்."

"ஆடறவங்க ஆடட்டும்."

வாலு சிரித்தாள். கணவரும் சிரித்தார். இரண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு, ஒரே இடத்தில் விழும் கன்னக்குழி. ரத்த பாசம் என்பதை எலி இதற்கு முன் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

ஒரு உண்மையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தொடவே மாட்டேன் என்றவள், அடுப்பில் குக்கர் ஏறியிருக்கும் நேரமெல்லாம் அந்தப் பெட்டியின் செய்முறைக் குறிப்பைப் போனில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்பது வாலுவை விட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கணவர் இயக்குநரை அழைத்துவரக் கிளம்பினார். வாலு துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும், எலி எழுந்து தன் பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

கால் தரைக்கு எட்டவில்லை. வாலு தன் உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தாள்.

பாட்டை ஓடவிட்டாள். ஃபேடர்கள் அசைய ஆரம்பித்தன. வயலின் அடங்கியது, தாளம் ஒதுங்கியது, குரலின் ஃபேடர் மெல்ல முன்னால் வந்தது. அறையில் யாருமில்லை. ஆனால் நாத்தனாரின் கை முழுசாக அங்கே இருந்தது.

எலி குரலின் ஃபேடர் மேல் விரலை வைத்தாள். மோட்டார் விரலை மெதுவாகக் கூட்டிக்கொண்டு போனது. எழுதப் பழகும் வயதில் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து எழுதவைப்பார்களே, அந்த மாதிரி. "சொல்ல" என்ற இடத்தில் சற்றே தணிந்து, மூச்சுக்கு ஏறி, மறுபடி சமநிலைக்கு வந்தது.

நன்றாக இருந்தது. நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் இந்த அத்தியாயத்துக்கே வேலை இருந்திருக்காது. நன்றாக இருந்ததுதான் எலிக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷமாகத் தான் கோட்டை விட்ட ஏதோ ஒன்று அந்தச் சின்னப் பெண்ணின் விரலுக்குத் தெரிந்திருக்கிறது. நாளைக்கு அவர் படம் முழுக்க இந்த விரல்தான். அவர் பக்கத்தில் இந்த நாற்காலியில் இந்த உயரத்தில் அவள்தான். தனக்கு ஸ்டூல்.

ஃபேடருக்குப் பக்கத்தில் மூன்று பொத்தான்கள். ரீட் என்றால் பதிந்திருப்பதை அப்படியே ஓட்டும். டச் என்றால் விரல் படும் இடத்தில் மட்டும் புதிதாகப் பதியும், விரலை எடுத்தால் பழையதற்குத் திரும்பிவிடும். மூன்றாவது ரைட், அதாவது எழுதுவது. அதை அழுத்திப் பாட்டை ஓடவிட்டால், அந்த நேரத்தில் ஃபேடர் எப்படி இருக்கிறதோ அப்படியே பதிந்துகொண்டு போகும். பழையது முழுக்க அழிந்துவிடும்.

எலி ரைட்டை அழுத்தினாள்.

தெரியாமல் அழுத்திவிட்டாள் என்று எழுதினால் எனக்கும் நிம்மதி, அவள் மேல் பிரியம் வைத்துக் கடிதம் போடும் உங்களுக்கும் நிம்மதி. ஆனால் தெரிந்துதான் அழுத்தினாள். பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டு, குரலின் ஃபேடரை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏற விடவில்லை, இறங்க விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"வருகிறேன் என்று சொல்ல..."

அந்த இடத்தில் மட்டும் விரல் அவள் பேச்சைக் கேட்கவில்லை. பாடகி மூச்சு இழுத்தபோது, விரலும் அந்த மூச்சோடு ஏறியது. பிறகு "வாயெடுத்தேன்" வந்தபோது பயந்துபோன மாதிரி கீழே இறங்கியது. இரண்டு நொடி இருக்கும். எலி தன்னையே திட்டிக்கொண்டு ஃபேடரை மறுபடி பழைய இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

பாட்டு முடிந்தது. ரீட் பொத்தானை அழுத்தினாள். இடது கை தானாகப் போய் விசைப்பலகையில் சேமித்துவிட்டது.

அது அவளுடைய ஆதி காலத்துப் பழக்கம். எப்போதோ மின்சாரம் போய் ஒரு பாட்டு முழுக்கக் காணாமல் போனதிலிருந்து, பாட்டு எப்போது நின்றாலும் அவள் இடது கை சேமித்துவிடும். யோசிக்காது. கேட்காது.

அப்போதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன காரியம் செய்துவிட்டோம்!

ஆனாலும் வழி இருந்தது. கணினியில் அன்டூ என்று ஒரே ஒரு அடி பின்னால் போனால் போதும், வாலு செய்ததெல்லாம் திரும்பி வந்துவிடும். சேமிப்பதைத் தவிர எல்லாவற்றுக்கும் எலிக்கு மவுஸ்தான், அதைத் தேடினாள். அது பெட்டிக்குப் பின்னால் விழுந்து, வயர் சிக்கிக் கிடந்தது. எட்டி இழுத்துக்கொண்டிருந்தபோது வாசல் கதவு திறந்தது.

"எலி! மேடம் வந்துட்டாங்க!"

கணவர் உள்ளே வந்த வேகத்தில் அவள் தோளுக்கு மேலே கையை நீட்டினார். "பெரிய திரையைச் சேக்கணும். கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைச்சுப் போட்டுடறேன்."

அணைத்துப் போட்டால் பின்னால் போகிற வழி அடைபட்டுவிடும். "கொஞ்சம் இருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் "ஏன்?" என்று கேட்பார். பின்னால் இயக்குநர் நின்றுகொண்டிருக்கிறார். எலி வார்த்தையை மென்று விழுங்கினாள்.

திரை இருண்டது.

இயக்குநர் நடுவில் உட்கார்ந்தார். ஈரத் தலையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடி வந்த வாலு, நாற்காலியில் ஏறிக்கொண்டாள். எலி கதவோரம் நின்றாள். உட்காரச் சொன்னதற்கு, "பரவாயில்லை, டீ வைக்கணும்" என்றாள். டீ வைக்கவும் போகவில்லை.

பாட்டு ஓடியது. வயலின் அடங்கியது, தாளம் ஒதுங்கியது, ஆனால் குரல் அவற்றுக்கு நடுவில் உப்புப் போடாத குழம்பு மாதிரி ஒரே மட்டத்தில் போய்க்கொண்டிருந்தது. இயக்குநர் மரியாதைக்காகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கணவரின் முகம் சிவந்தது. வாலு குரலின் ஃபேடரையே வெறித்துக்கொண்டிருந்தாள். அது கல்லைப் போல நின்றது.

மூச்சின் இடம் வந்தது. ஃபேடர் தானாக ஏறி, இறங்கி, மறுபடி கல்லானது.

வாலு தலையைச் சாய்த்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"என்ன வாலு இது?" பாட்டு முடியும் முன்பே கணவர் பொங்கிவிட்டார். "நேத்து நான் கேட்டது இது இல்லையே! குரலை அப்படியே படுக்கப் போட்டிருக்கே!"

எலிக்கு நெஞ்சு படபடத்தது. அந்தப் படபடப்பில் பயம் பாதி. மீதியை என்னவென்று அவளே ஒப்புக்கொள்ள மாட்டாள். இப்போது அவர் தன் பக்கம் திரும்புவார் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக வேறெதற்கும் அவள் காத்திருக்கவில்லை.

அவர் திரும்பினார். "எலி, நீ கொஞ்சம் வந்து பாரேன்."

அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள்.

"இரு அண்ணா" என்றாள் வாலு. குரலில் பதற்றமே இல்லை. "என் தப்புதான். ரைட்ல விட்டுட்டேன் போல, அழிஞ்சிருக்கு. பேக்கப்ல பழசு இருக்கும், தேட நேரமாகும். மேடம், ஒரு நிமிஷம் பொறுத்துக்கறீங்களா? உங்க முன்னாடியே கையால போட்டுடறேன்."

அழித்தது எங்கேயோ ஒரு மூலையில் பத்திரமாக இருக்கிறதாம். எலி அத்தனை பாவத்தையும் கட்டிக்கொண்டது ஒன்றுக்கும் பிரயோஜனமில்லை. அதை விடக் கொடுமை, பழியை அந்தப் பெண் தன் தலையில் போட்டுக்கொண்டுவிட்டாள். ஏன்?

வாலு டச் பொத்தானை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, குரலின் ஃபேடர் மேல் விரலை வைத்தாள். பாட்டு மறுபடி தொடங்கியது.

இந்தத் தடவை இயக்குநர் திரையைப் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்தார். குரல் ஒவ்வொரு சொல்லுக்கும் உயிர் பெற்று எழுந்து வந்தது. வாத்தியக்காரர்கள் எதிரில் உட்கார்ந்து வாசிப்பதைப் பார்ப்பது போல இருந்தது. காலையில் எலி அழித்ததை விட இது நன்றாக இருந்தது. தன் கையாலேயே அவளுக்கு மேடை போட்டுக் கொடுத்துவிட்டோமே என்று எலிக்கு உடம்பு முழுக்கக் கூசியது.

"வருகிறேன் என்று சொல்ல..."

அந்த இடத்தில் வாலு ஃபேடரிலிருந்து விரலை எடுத்துவிட்டாள்.

யாரும் கவனிக்கவில்லை. கதவோரம் நின்றவள் மட்டும் கவனித்தாள். விரல் விலகியதும் ஃபேடர் காலையில் எலி பதிந்ததற்குத் திரும்பியது. தானாக ஏறியது. அந்த மூச்சைத் தூக்கிப் பிடித்தது. பிறகு "வாயெடுத்தேன்" என்பதைக் கிட்டத்தட்ட கேட்காத அளவுக்கு இறக்கிவிட்டது. உடனே வாலுவின் விரல் வந்து ஃபேடரைப் பிடித்துக்கொண்டது.

இயக்குநரின் கை தொண்டைக்குப் போனது. பாட்டு முடிந்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவ சொல்ல பயப்படறா" என்றார். "அந்தக் காட்சியை எழுதினப்போ எனக்கே தெரியல. படம் முழுக்க இந்தக் கைதான். வேற பேச்சே இல்ல."

கணவர் உச்சி குளிர்ந்து போனார். வாலுவின் தலையிலிருந்த ஈரத் துண்டோடு சேர்த்து அவளை ஒரு உலுக்கு உலுக்கினார்.

எலி சமையலறைக்குப் போய் டீக்குத் தண்ணீர் வைத்தாள். அடுப்பைப் பற்றவைக்க மறந்து பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து அடுப்பைப் பற்றவைத்தது. வாலு.

"எனக்கு அது ஒரு வாரமா வரல அண்ணி" என்றாள். "நான் மூச்சை மட்டும்தான் ஏத்தினேன். நீங்க அடுத்து வர்ற சொல்லை இறக்கிட்டீங்க. அது எனக்குத் தோணவே இல்ல."

எலி எதை மறைப்பாள்? "எப்படித் தெரிஞ்சுது?"

"வீட்டுல இருந்தது நீங்கதான். ரைட்ல விடற ஆளும் நான் இல்ல. முழுக்க அழிச்சவங்க அந்த ஒரு இடத்துல மட்டும் ஏன் கை வெச்சீங்கன்னுதான் புரியல." சர்க்கரை டப்பாவைத் திறந்தாள். "அதுக்கு மேல நான் போட்டு அழிச்சிருப்பேன். விரல் போகல. வயிறு எரியுது அண்ணி, சத்தியமா. பொறாமையா இருக்கு."

ஒரு வாரமாக எலி தன் மனசுக்குள்கூடச் சொல்லிப் பார்க்கத் துணியாத வார்த்தை. இந்தப் பெண் அதை இவ்வளவு சுலபமாகச் சர்க்கரை அளந்துகொண்டே சொல்லிவிட்டாள். அதற்கும் எலிக்குப் பொறாமையாக இருந்தது.

"அவர்கிட்ட சொல்லப் போறியா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? பழியை நான் வாங்கிக்கிட்டேன் இல்ல? அந்த மூச்சையும் நானே வெச்சுக்கறேன். நீங்க அழிச்சதுக்கு இது சரியாப் போச்சு." அவள் சிரிக்கவில்லை. "நீங்களும் சொல்ல மாட்டீங்க. சொன்னா முதல்ல எதைச் சொல்லணும்னு உங்களுக்கே தெரியும்."

டீத் தட்டை வாலு எடுக்கவில்லை. எலியிடமே விட்டுவிட்டுப் போனாள்.

முன் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எலி கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். படம் போய்விட்டது. போகட்டும் என்று அவளால் நினைக்க முடிந்தது, அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. செய்த காரியத்துக்கு அது தேவைதான். நாற்காலியும் போகட்டும்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் இயக்குநர் வாலுவிடம். "அந்த மூச்சு. அதுக்கப்புறம் அந்தச் சொல் அப்படியே சுருங்கிப் போகுதே, அது எப்படிம்மா உனக்குத் தோணிச்சு?"

வாலு கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அதுவா மேடம்? என்னமோ, அப்படியே வந்துடுச்சு."

"அப்படியே வருமா? அது எங்க வீட்டுக் கை மேடம்!" என்று கணவர் பெருமை பொங்கத் தங்கையின் விரல்களைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். "சின்ன வயசுலேர்ந்தே இவளுக்கு அது உண்டு. வேற யாருக்கும் வராது."

எலி கடைசிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த விரல்களைப் பார்த்தாள். படத்தை விட்டுக் கொடுக்கலாம். நாற்காலியை விட்டுக் கொடுக்கலாம். திட்டு வாங்கலாம், அவமானப்படலாம். ஆனால் வாழ்நாளில் தன் விரலுக்கு வந்த அந்த ஒரே ஒரு நல்ல இடத்தை இன்னொருத்தியின் விரலைப் பிடித்துக் காட்டி இவர் கொஞ்சுவதை அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. நியாயம் அவளை வாய் திறக்க வைக்கவில்லை. மனசாட்சியும் வைக்கவில்லை. அந்தப் பெருமைக்கு எல்லாம் எலி அன்று தகுதியானவள் இல்லை. பொறாமைதான் வைத்தது.

"அது என் கை" என்றாள்.

வாலு தலையைக் குனிந்துகொண்டாள். இயக்குநர் கோப்பையைக் கீழே வைத்தார்.

கணவர் ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். "உன் கையா? நீதான் அந்தப் பெட்டியைத் தொடவே மாட்டேன்னியே எலி. எப்போ தொட்டே?"

"காலையில" என்றாள் எலி. "இவ போட்டதையெல்லாம் அழிச்சேனே, அப்போ."